பம்பாய் மெஷின் சொன்ன விடை

“ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. கோயில் முழுக்கக் கேட்டாச்சு. மூணாவது ஓலைக்கு முந்துன நாளு வந்து வேண்டாம்ங்கா. ஏன் வேண்டாம்னு கேட்டா வாயில கொழுக்கட்டை. ஏளா ஆக்னஸ், எம் மவன்ட்ட ஒம் மவ என்ன கொறையக் கண்டா? அதச் சொல்லச் சொல்லு.”

“மெள்ளப் பேசுங்க மயினி. தெருவு கேக்கு.”

“கேக்கட்டும். தெருவு கேக்கணும்னுதான் நடுத்தெருவுல நிக்கேன்.”

தெரு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து நானும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கீரை தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. வெறும் காம்பைத்தான் உருவிக்கொண்டிருந்தேன்.

நடுத்தெருவில் நின்றவள் செபஸ்தியம்மாள், பம்பாயில் வேலை பார்க்கும் ரோச்சின் தாய். வாசல்படியில் கும்பிடாத குறையாகக் கெஞ்சிக்கொண்டு நின்றவள் ஆக்னஸ். அவள் புருஷன் மரியான் கொழும்புத் தோணியில் போயிருந்தார். இருந்திருந்தாலும் வாயைத் திறக்கிற மனிதர் இல்லை. அவர்கள் மகள் மரியசெல்வி, பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கதவுக்குப் பின்னால் நின்றாள். சேலை ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது.

1976, பொங்கல் கழிந்த சனிக்கிழமை. ரோச்சுக்கும் மரியசெல்விக்கும் கல்யாணம் என்று இரண்டு ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசித்திருந்தார். தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு ஊரைக் கேட்பது வழக்கம். யாராவது கடன்காரனோ பழைய காதலோ வந்து நின்ற கதைகள் உண்டு. கல்யாணப் பெண்ணே போய்த் தடை சொன்னதும், காரணத்தைச் சொல்ல மாட்டேன் என்றதும் எங்கள் தெருவுக்குப் புதுசு.

“நான் சொல்லட்டா காரணம்?” என்றாள் செபஸ்தியம்மாள். “டீச்சரம்மா பஸ்ஸுல போறா, பஸ்ஸுல வாரா. எவனப் பாத்தாளோ, எங்கன பாத்தாளோ.”

சேலை ஓரம் அசையவில்லை.

உண்மையான காரணம் மூன்று பேருக்குத் தெரியும். மரியசெல்விக்கு, மாதாவுக்கு, எனக்கு. மூவரில் வாய் திறக்கக்கூடியவள் நான் ஒருத்திதான் என்பது மரியசெல்விக்கும் தெரியும். அதனால்தான் நான்கு நாளைக்கு முன் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இதில் எந்த இடத்திலும் என் கை இல்லாமல் இல்லை.

போன ஜூலையில் ரோச் பெண் பார்க்க வந்தான். காபித் தட்டு கொண்டுபோகிற சாக்கில் நானும் உள்ளே இருந்தேன். பையன் கறுப்பாக, லட்சணமாக, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சங்கு குளிக்கிற குடும்பம். அப்பன், பாட்டன் எல்லாம் மூச்சடக்கியே பிழைத்தவர்கள். இவன் ஒருவன்தான் படித்து, பம்பாயில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பக்கம் வேலைக்குச் சேர்ந்தவன். பெண்ணைப் பார் என்று அவன் தாய் இடித்தபோதும் தலை நிமிரவில்லை.

மரியசெல்விதான் கேட்டாள். “அந்த மெஷின்ட்ட எந்தப் பாஷையில பேசுவீங்க?”

அவ்வளவுதான். பையன் நிமிர்ந்தவன் நிமிர்ந்தவன்தான்.

“பேசிக்னு பேரு. அதுக்கு முன்னால எல்லாம் அட்டையில ஓட்டை போட்டு சன்னல்ல குடுத்துட்டு வந்திரணும். மறுநாளு போனாத்தான் பதில். ஒரு கமா விட்டுப் போயிருந்தா மறுபடியும் அட்டை, மறுபடியும் மறுநாளு. அமெரிக்காவுல பனி கொட்டுத ஊருல ஒரு காலேஜி. அங்க ரெண்டு கணக்கு வாத்தியாருங்க, சயின்ஸ் படிக்காத பிள்ளையளும் மெஷின் முன்னால உக்காந்து நேருக்கு நேரா பேசணும்னு இந்தப் பாஷைய எழுதுனாங்க. கூட நின்னு வேலை பாத்தது முழுக்க படிக்கிற பையங்கதான். அறுபத்து நாலு மே மாசம் ஒண்ணாந்தேதி, விடியதுக்கு முன்ன, மொதத் தடவையா ஓடிச்சு.”

“ஒரே மெஷின்ல எல்லாரும் எப்படி ஒரே நேரத்துல?”

“கோயில்ல நன்மை அப்பம் வாங்கும்போது பீடத்துக்கு முன்னால கிராதியில வரிசையா முழங்கால் போடுதோம்லா. சாமியார் ஒருத்தர் முன்னால ஒரு நொடி நிப்பாரு, அடுத்தவருக்குப் போயிருவாரு. ஆனா நமக்கு நமக்குன்னே வந்த மாதிரி இருக்கும். மெஷினு அதத்தான் கண்ணுக்குத் தெரியாத வெரசுல செய்யுது.”

செபஸ்தியம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பம்பாயில் வீடு எங்கே, கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்க வந்த மாமன்மார்கள் காபியைக் குடித்துவிட்டு ஆறின பணியாரத்தைத் தின்றுகொண்டிருந்தார்கள். அரைமணி நேரம் அவர்கள் இருவரும்தான் பேசினார்கள். நகை, பாத்திரம் எல்லாம் பிறகு பேசி முடித்தது. மரியசெல்வி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: கல்யாணத்துக்குள் அந்தப் பாஷையைத் தனக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

கற்றுக்கொடுத்தான். தபாலில்.

நேருக்கு நேராகப் பேசுவதற்கென்று செய்த பாஷை அது. கேட்ட நொடியில் பதில் வர வேண்டும். இவள் தூத்துக்குடியில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதி அனுப்புவாள். அவன் பம்பாயில் ஆபீஸ் மெஷினில் தட்டிக் கொடுத்து, மெஷின் அடித்துத் தந்த காகிதச் சுருளை மடித்து அனுப்புவான். ஒன்பது நாள் ஆகும். ஒருமுறை முப்பதாவது வரியில் ஒரு பிழை விட்டுவிட்டாள். ஒன்பது நாள் கழித்து மெஷினிடமிருந்து ஒரே வார்த்தை வந்தது: “வாட்?” அந்த வார்த்தையை அவள் இரண்டு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தாள். சில பெண்கள் காதல் கடிதத்தை அப்படி வைத்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பகலில் மரியசெல்வி பள்ளிக்கூடத்தில் இருப்பாள்; ஆக்னஸ் கோயில் துணிகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்க்கப் போய்விடுவாள். தபால்காரர் கடிதத்தை என் கையில் கொடுப்பார். நிச்சயம் ஆன பெண்ணுக்கு வருகிற கடிதத்தைப் பெரியவர்கள் ஒருமுறை பார்த்துக் கொடுப்பது நம் பக்கம் உள்ளதுதான். நான் பெரியவள். உறையைப் பிரித்து ஒட்டக் கொஞ்சம் ஆவியும் இரண்டு சோற்றுப் பருக்கையும் போதும்.

அந்தச் சுருள்களில் எனக்குப் புரிந்தது குறைவு. வரிகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்று எண் போட்டிருக்கும். ஏன் ஒன்று, இரண்டு, மூன்று என்று போடக்கூடாது என்று மரியசெல்வியிடம் ஒருநாள் சுற்றிவளைத்துக் கேட்டேன். நடுவில் ஏதாவது விட்டுப்போனால் பிறகு செருகிக்கொள்ளலாம், அதற்குத்தான் இடைவெளி என்றாள். ஒரு சேதியை நான் தெருக்கோடிக்குக் கொண்டுபோகும்போதும் அப்படித்தான் கொண்டுபோகிறேன். அந்தக் கணக்கு வாத்தியார்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஐந்தாவது கடிதத்திலிருந்து ஒன்றைக் கவனித்தேன். உறை மாறியிருந்தது; கம்பெனிப் பெயர் அடித்த உறை போய்ச் சாதா உறை. அதைவிட, மெஷின் மாறியிருந்தது. அதற்குப் பிறகு ஒருமுறைகூட “வாட்?” என்று கேட்கவில்லை. கடைசி வரியில் முடிந்தது என்று எழுத மரியசெல்வி ஒருமுறை மறந்தே போனாள். முன்பெல்லாம் அதற்கே கோபித்துக்கொண்டிருக்கும். இந்தமுறை ஒன்றும் சொல்லாமல் விடையை அச்சடித்துத் தந்துவிட்டது. மெஷினுக்கும் பழகப் பழக மனசு இளகும்போல என்று நினைத்தேன். நினைத்ததை அன்றே கேட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. கேட்டால், பிரித்துப் படித்தது தெரிந்துவிடும். அதனால் பருக்கையை நசுக்கி ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.

நவம்பரில் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. தலைமைச் சிஸ்டரிடம் கோயில் வாசலில் வைத்து, “ஒங்க மரியசெல்வி டீச்சர் பம்பாய் கம்ப்யூட்டர்ட்ட தபால்ல பேசுதா, தெரியுமா சிஸ்டர்?” என்று சொல்லிவைத்தது நான்தான். சிஸ்டர் விடுவார்களா. மரியசெல்வி ஒரு பெரிய அட்டையில் அந்தப் பாஷையின் வரலாற்றைத் தமிழில் எழுதினாள்: பனி ஊர்க் கல்லூரி, இரண்டு வாத்தியார்கள், ராப்பகலாக உழைத்த மாணவர்கள், விடியற்காலையில் வந்த முதல் விடை. கீழே காகிதச் சுருள்களைக் குண்டூசியால் குத்திவைத்தாள். நான் பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னேன்.

சிறப்பு விருந்தாளியாக மீன்வளத் துறை ஆபீசர் ஒருவர் வந்திருந்தார். “சரி, இந்த ஊருக் கணக்கு ஒண்ணு கேளுங்க” என்று சொல்லி அவரே ஒன்று போட்டார். சங்கு குளிக்கிற ஒருவன் டிசம்பர் முதல் தேதி நாற்பது சங்கு எடுக்கிறான். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட ஒன்று கூடுதல். முப்பத்தொரு நாளில் மொத்தம் எத்தனை? மரியசெல்வி அங்கேயே எட்டு வரி எழுதி, எல்லாருக்கும் வாசித்துக் காட்டி, ஆபீசர் கேட்ட கேள்வியையும் ரோச்சுக்குத் தனித்தாளில் எழுதி, உறையில் போட்டாள்.

இந்தமுறை பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கிறிஸ்மஸ் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று, காலைக் கூட்டத்தில் சிஸ்டர் மேடையில் நின்று சுருளைப் பிரித்து வாசித்தார்கள். ஆயிரத்து முந்நூற்று அறுபத்தைந்து. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை தட்டவில்லை. இசக்கித்தாய் என்று பெயர். தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் ஊர். ஆஸ்டலில் தங்கிப் படித்தாள். வகுப்பில் எழுந்து நின்று, “டீச்சர், எனக்கு ஆயிரத்தெழுநூத்தஞ்சு வருது” என்றாள்.

“மெஷின் தப்புப் பண்ணாது இசக்கித்தாய். நீ பத்து தடவ போட்டுக் கொண்டு வா.”

பத்து தடவை போட்டாள். பத்து தடவையும் ஆயிரத்தெழுநூற்றைந்து. மரியசெல்வி நோட்டின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கடற்கரைப் பிள்ளைகள் ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. “ஏளா ஆயிரத்தெழுநூத்தஞ்சு, சோறு தின்ன வாளா” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அந்தப் பிள்ளை டிரங்குப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனதாக ஆஸ்டல் ஆயா சொன்னாள்.

டிரங்குப் பெட்டி விஷயம் மரியசெல்வியின் காதுக்குப் போனதும் என் மூலம்தான். அன்றுதான் அவள் தானே காகிதத்தை எடுத்துக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அதுவரை போடவில்லை. மெஷின் சொன்ன பிறகு மனுஷி எதற்குப் போட வேண்டும்?

மறுநாள் என் வீட்டுக்கு வந்தாள். முகம் கஞ்சி போட்ட துணி மாதிரி இருந்தது.

“அக்கா, போன வருசத்துக் காலண்டர் இருக்கா? டிசம்பர் தாள் மட்டும் போதும்.”

என் வீட்டுக்காரர் பவுல் துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிறவர். கப்பல் கம்பெனிக் காலண்டர்கள் எங்கள் வீட்டில் கிடக்கும். எடுத்துக் கொடுத்தேன். தரையில் விரித்து, விரலை வைத்துக்கொண்டு, சிவப்பு எண்களை எண்ணினாள். ஏழு, பதினாலு, இருபத்தொண்ணு, இருபத்தெட்டு. நாலு ஞாயிறு. அப்புறம் இருபத்தஞ்சு. முப்பத்தொன்றில் ஐந்து போனால் இருபத்தாறு நாள். ஓரத்தில் பென்சிலால் போட்டாள். ஆயிரத்து முந்நூற்று அறுபத்தைந்து வந்தது.

“சரியாப் போச்சுல்லா?” என்றேன் நான்.

“அக்கா, மெஷின்ட்ட நான் ஒண்ணுலருந்து முப்பத்தொண்ணு வரைக்கும்னுதான் சொன்னேன். அது டிசம்பர்னே அதுக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழம கடலுக்குப் போகக்கூடாதுன்னு பம்பாய்ல இருக்க மெஷினுக்கு யாருக்கா சொன்னா? கிறிஸ்மஸ் என்னைக்குன்னு யாரு சொன்னா?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமையும் மாதா கோயில் மணியும் ரத்தத்தில் ஊறின ஒரு சங்கு குளிக்கிற வீட்டுப் பிள்ளை, காலண்டரை முன்னால் வைத்துக்கொண்டு, பென்சிலால் போட்ட கணக்கு அது. அவனுக்கு முப்பத்தொரு நாள் என்றால் இருபத்தாறு நாள்தான். சிவப்பு எண்ணில் கடலில் இறங்குவதை அவன் கை எழுதவே எழுதாது.

“இவருதாங்கா மெஷினு,” என்றாள். அழவில்லை. “நான் ஒரு பிள்ளையப் பத்து தடவ எழுத வச்சேன்.”

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது ஓலை வேண்டாம் என்று சாமியாரிடம் சொல்லப் போவதாகவும், காரணத்தை யாரிடமும் சொல்லப் போவதில்லை என்றும் சொன்னாள். “திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தொறந்ததும் பிள்ளையள்ட்ட நானே சொல்லுவேன். இசக்கித்தாய் முன்னால சொல்லணும். அதுக்கு முன்னால அது வேற யாரு வாயிலருந்தும் வரக்கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணுங்கக்கா.”

பண்ணினேன்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

“வயித்துல எதையும் வாங்கிக்கிட்டு வந்திருக்காளான்னு பாரு ஆக்னஸ்,” என்றாள் செபஸ்தியம்மாள். நடுத்தெருவில், பத்து வீட்டு வாசலில் ஆள் நிற்க.

நான் முருங்கைக் காம்பைக் கீழே போட்டேன். அந்தப் பெண்ணுக்காகத்தான் எழுந்தேன் என்று அன்று இரவு வரை நம்பினேன். இன்றைக்குச் சொல்கிறேன், பாதி அதற்காக. மறுபாதி, நான்கு நாளாக அந்தச் சேதி என் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

“வாய அடக்குங்க மயினி. ஒங்க மவன் லட்சணத்தச் சொன்னா நீங்க தெருவுல நடக்க முடியாது. மெஷினு சொல்லுதுன்னு சொல்லி அவனே கைக்கணக்குப் போட்டு அனுப்பிருக்கான். ஞாயித்துக்கிழமைக்கு லீவு விட்ட மெஷினு எங்கயாவது உண்டா? மெஷினு பூசைக்குப் போவுமா? இந்த ஒரு கடுதாசி இல்ல. அஞ்சாவது கடுதாசியிலருந்தே உறை வேற, உள்ள சுருள்ல ஒரு தடவகூட ‘வாட்?’னு கேக்கல. நானே பாத்தேன்.”

 எதிர் வீட்டில் யாரோ சிரித்தார்கள்; அது பரவி, “மெஷினு பூசைக்குப் போச்சாம்” என்று தெருக்கோடி வரை போனது. செபஸ்தியம்மாள் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அவள் அப்படிப் போட்டுக்கொள்வது கோயிலிலும் சாவு வீட்டிலும்தான். சுவரை ஒட்டி நடந்து போனாள்.

மரியசெல்வி வெளியே வந்து என்னைப் பார்த்தாள்.

“திங்கக்கிழமை நானே சொல்லுதேன்னு சொன்னேன்லாக்கா.” அப்புறம் கொஞ்சம் யோசித்து, “அஞ்சாவது கடுதாசிக்கு உள்ள இருந்தது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

 ஆக்னஸ் கதவைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை அவள் சொன்னாள். சொல்லும்போதே பின் பெஞ்சில் கிசுகிசுப்பு. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சிஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “பரவாயில்ல மரியசெல்வி, ஒன்னை ஏமாத்திட்டாங்க, நீ என்ன செய்வ” என்று முதுகைத் தடவினார்களாம். இசக்கித்தாயின் இடம் காலியாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளையின் ஊருக்கு அவள் பஸ் ஏறினாள். நானும் ஏறினேன். அவள் கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. 

இசக்கித்தாயின் அப்பா ஆவுடையப்பன் களத்திலிருந்து கால் கழுவிக்கொண்டு வந்தார். மரியசெல்வி நின்றபடியே சொன்னாள். “அண்ணாச்சி, ஒங்க மவ போட்ட கணக்குதான் சரி. நான்தான் தப்புன்னு கோடு போட்டுட்டேன். அவட்ட மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்.”

“உக்காருங்கம்மா,” என்றார் அவர். “கேள்விப்பட்டோம். நேத்து உரம் ஏத்த வந்த லாரிக்காரன் சொன்னான். மாப்பிள்ளை ஒங்கள இப்படி மோசம் பண்ணிட்டாராமே. பாவம், கல்யாணமும் நின்னுபோச்சாம்லா. எங்க பிள்ளை ஒரு கணக்குக்குக் கோடு வாங்கினது என்ன பெரிய விசயம், அத விடுங்க. மோர் குடிக்கீங்களா?”

 மன்னிப்புக் கேட்க வந்தவளுக்குப் பரிதாபம் கிடைத்தது. அதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, வாங்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. அந்தப் பிள்ளை கதவோரத்தில் நின்று டீச்சரைப் பார்த்தது. அதன் கண்ணிலும் அதே பரிதாபம்தான்.

“நீ சொன்னப்ப நான் போட்டுப் பாத்திருக்கணும் இசக்கித்தாய். போட்டுப் பாக்கல. அது என் தப்பு, வேற யார் தப்பும் இல்ல.”

“பரவாயில்ல டீச்சர்,” என்றது பிள்ளை. “ஒங்களுக்கே கஷ்டம்.”

பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டாள். பார்ப்போம் என்றார் ஆவுடையப்பன். நான் மோரைக் குடித்தேன்.  ஒரு வாரத்தில் ஆற்றங்கரை வரைக்கும் போய், அந்தப் பெண் சொல்லவேண்டியதை அவளுக்கு முன்னால் சொல்லிவிட்டு வந்தது லாரிக்காரன் வாய் இல்லை, என் வாய் என்று அங்கே இருந்த எல்லாரிலும் எனக்கு மட்டும்தான் நன்றாகத் தெரிந்தது.

குடியரசு தினத்தன்று ரோச் வந்தான். ஸ்டேஷனிலிருந்து நேராக ஆக்னஸ் வீட்டுக்கு, பெட்டியோடு. தெருப் பிள்ளைகள் “மெஷினு வாரான்” என்று முன்னால் ஓடின. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கொல்லைப்புறத்தில் அவனும் மரியசெல்வியும் நின்று பேசினார்கள். கொல்லைச் சுவருக்கு இந்தப் பக்கம் என் துவைகல். எனக்கு வெட்கம் இருந்தது. காது இருந்த இடத்தில்தான் இருந்தது.

“எத்தனாவதுலருந்து?”

“அஞ்சாவதுலருந்து. மொத நாலும் மெஷின்தான். ஆபீஸ் வேலைக்கில்லாம நான் தட்டுதத சூப்பர்வைசர் பாத்துட்டாரு. அந்த ரூமுக்குள்ளயே வரக்கூடாதுன்னு சொல்லி, கம்பி வழியா சேதி அடிக்கிற டெலக்ஸ்ல போட்டுட்டாங்க. டெலக்ஸுக்கும் அதே மாதிரி எழுத்து, அதே மாதிரி சுருள். ஒன் கேள்வியயும் நானே அடிச்சு, பதிலயும் நானே அடிச்சேன்.”

“எட்டாவதுல வர்க்கமூலம் அம்பது எண்ணுக்குக் கேட்டேனே.”

“கையால போட நாலு ஞாயிறு ஆச்சு.”



“மெஷின் இல்லன்னு ஒரு வரி எழுதிருக்கலாம்லா.”

“மெஷின் இல்லன்னா நீ எனக்கு என்னத்துக்கு எழுதுவ?”

அவன் அதைச் சொன்ன விதத்தில் துவைகல்லில் இருந்த எனக்கே கண் கலங்கியது. அவள் குரலும் தாழ்ந்துதான் வந்தது.

“கைக்கணக்குன்னு சொல்லிருந்தா நான் சரிபாத்திருப்பேன். மெஷின்னு சொன்னதாலதான் பாக்கல. சரிபாக்காமலே ஒரு பிள்ளைய நிக்க வச்சு அவமானப்படுத்திட்டேன். ஒங்க மேல கோவம்கூட இல்ல. ஒங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு அந்த நோட்டுல போட்ட சிவப்புக் கோடுதான் தெரியுது. அத தெனமும் பாத்துக்கிட்டு எப்படிக் குடும்பம் நடத்த?”

“தெருவுக்குச் சொல்லாம விட்டுருக்கலாம்லா செல்வி. எங்க அம்ம வீட்ட விட்டு வெளிய வரமாட்டேங்கா.”

“நான் சொல்லல.”

யார் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.  என் பெயரை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கூசியிருக்காது.

அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்வழியாகப் போனான்.

அதற்கப்புறம் நடந்தது இவ்வளவுதான். ரோச் எழுபத்தேழில் புன்னைக்காயலில் பெண் எடுத்தான்; நல்ல பெண், கணக்கெல்லாம் கேட்காதவள். இரண்டு வருஷத்தில் மஸ்கட் போய்விட்டான், அங்கேயும் டெலக்ஸ்தான். செபஸ்தியம்மாள் மருமகளோடு புன்னைக்காயலிலேயே தங்கிவிட்டாள். மரியசெல்வி அந்த ஜூனிலேயே வேலையை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் படிக்க மெட்ராஸ் போனாள். மரியானும் கொழும்புத் தோணியை விட்டுவிட, ஆக்னஸும் அவரும் மறுவருஷக் கடைசியில் மகளோடு போய்ச் சேர்ந்தார்கள். எழுபத்தொன்பதில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தேவபிரசாதம், நாகர்கோவில்காரர், காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவர், மனைவியை இழந்தவர். அதைக்கூட நான் மூன்றாவது ஆளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பவுலுக்கு வேலை முடிந்ததும் நாங்கள் புதுக்கோட்டைப் பக்கம் குடிபோய்விட்டோம்.

இசக்கித்தாய் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. எழுபத்தேழு தை மாதம் அவளைத் தாய்மாமன் மகனுக்குக் கட்டிவைத்தார்கள். வயது பதினாறு ஆகவில்லை. மரியசெல்வி பரீட்சை என்று வர முடியாமல் போக, ஆக்னஸ்தான் மகள் பேரில் ஒரு சேலை வாங்கிக்கொண்டு போய்வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு என் வீட்டைக் கடந்துதான் போக வேண்டும். நான் வாசலில் நின்றேன். அவள் தெருவின் எதிர் ஓரமாக, என்னைப் பார்க்காமல் போனாள்.